புகை மணக்கும் தேயிலை: சுவைத்துப் பார்ப்பதும் ஒப்பிடுவதும்

நீலகிரியிலோ இலங்கையின் மலையகத்திலோ ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சுவைப்பு மேசையில் வைக்கப்பட்ட கோப்பையில் புகை வாடை வீசினால், அது குறை என்றே குறிக்கப்படும். உலர்த்தும் இயந்திரத்தின் அடுப்பில் எங்கோ கசிவு ஏற்பட்டு, விறகின் புகை வெப்பக் காற்றோடு சேர்ந்து இலையில் ஏறிவிட்டது என்பதே அதன் பொருள். சீனத்தின் தென்கிழக்கில் உள்ள ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையிலோ, பைன் விறகை எரித்து அந்தப் புகையை இலையில் வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். அவ்வாறு செய்த தேயிலையை உலகம் முழுவதும் விரும்பி வாங்குகிறார்கள். ஓரிடத்தில் குறையாகக் கருதப்படுவது இன்னோரிடத்தில் எப்படிச் சிறப்பாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், புகைத் தேயிலையை எடைபோடும் முறையும் பெருமளவு புரிந்துவிடும். தவறி ஏறிய புகை இலையின் இயல்பை மூடிவிடுகிறது. திட்டமிட்டு, அளவறிந்து ஏற்றிய புகை இலையின் இனிப்போடு இணைந்து நிற்கிறது. ஆகவே இத்தகைய தேநீரைச் சுவைப்பவர் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி, புகை எவ்வளவு இருக்கிறது என்பதன்று; அந்தப் புகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே.

இவ்வகைத் தேயிலைகளில் மிகவும் புகழ்பெற்றது லாப்சாங் சூச்சோங் என்று ஏற்றுமதிச் சந்தையில் வழங்குவது. சீனத்தில் இதன் மூல வகையை ஜெங்ஷான் சியாவ்ஜோங் என்கிறார்கள். வூயி மலைத்தொடரின் உட்பகுதியில், காடு சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் அமைந்த டோங்மு என்னும் ஊரே இதன் பிறப்பிடம். அந்த மலைப்பகுதி 1979-இல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1999-இல் வூயி மலை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. இங்குள்ள செடிகள் பெரும்பாலும் விதையிலிருந்து வளர்ந்த, சிறிய இலை கொண்ட சீன வகையைச் சேர்ந்தவை. அஸ்ஸாமின் பெரிய இலை வகையைக் காட்டிலும் இவற்றில் துவர்ப்பு குறைவு. அதனால்தான் பால் இல்லாமல் அருந்த இவை நன்கு பொருந்துகின்றன.

புகை ஏற்றும் வழக்கம் எப்படித் தொடங்கியது என்பதற்கு ஒரு மரபுக் கதை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில், மிங் அரசு வீழ்ந்து சிங் அரசு எழுந்த காலத்தில், அவ்வழியே சென்ற படையொன்று ஊரில் தங்கியதால் பறித்த இலைகளை உரிய நேரத்தில் பக்குவப்படுத்த முடியாமல் போனது என்றும், படை சென்றபின் இலைகள் கருத்துவிட்டதைக் கண்ட உழவர்கள் அவற்றை அவசரமாகப் பைன் விறகுத் தீயில் உலர்த்தி விற்றார்கள் என்றும் அக்கதை சொல்கிறது. இதை மெய்யான வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. டோங்முவின் வானிலையைப் பார்த்தாலே காரணம் தெளிவாக விளங்கும். இலை பறிக்கும் வசந்தப் பருவத்தில் அங்கே மழையும் மூடுபனியும் மிகுதி. வெயிலில் இலையை வாட்டுவதற்கு நாள் கிடைப்பது அரிது. ஆகவே வீட்டுக்குள்ளேயே தீமூட்டி வாட்ட வேண்டியிருந்தது; சுற்றிலும் கிடைத்த விறகோ பைன். தேவையிலிருந்து பிறந்த முறை காலப்போக்கில் சுவையாக நிலைத்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்த முறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது; ஏனெனில் கோப்பையில் நாம் உணரும் ஒவ்வொன்றும் அதன் ஏதோ ஒரு கட்டத்திலிருந்தே வருகிறது. டோங்முவில் இதற்கென்றே மரத்தால் கட்டிய பல மாடிக் கட்டடங்கள் உள்ளன. கீழே எரியும் பைன் விறகின் வெப்பமும் புகையும் இடைவெளி விட்டு அமைத்த பலகைத் தளங்களின் ஊடாக மேலே ஏறும். மேல் மாடிகளில் பாய்களின்மீது பரப்பிய பச்சை இலை அந்த வெப்பத்தில் வாடும்போதே முதல் முறையாகப் புகையை ஏற்கிறது. வாடிய இலையை உருட்டிக் கசக்கி அதன் சாற்றை வெளிக்கொணர்ந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிய விடுகிறார்கள். பச்சை நிறம் செம்பழுப்பாக மாறுவதும், பழத்தை நினைவூட்டும் இனிய மணம் பிறப்பதும் இக்கட்டத்தில்தான். அதன்பின், நன்கு சூடேறிய வாணலியில் இலையைச் சிறிது நேரம் புரட்டி அந்த வினையை நிறுத்துவது பழைய முறையின் தனிச்சிறப்பு. மற்றக் கறுப்புத் தேயிலைகளில் இந்தப் படி பொதுவாக இருப்பதில்லை. வாணலியிலிருந்து எடுத்த இலையை மீண்டும் உருட்டி, மூங்கில் தட்டுகளில் பரப்பி, கட்டடத்தின் அடித்தளத்தில் புகையோடு உலர்த்துகிறார்கள். ஈரம் மிகுந்த இலை புகையை எளிதில் உறிஞ்சும் என்பதால், புகை இலைக்குள் ஆழ இறங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். இறுதியாகச் சலித்து, காம்பும் கழிவும் நீக்கியபின், மீண்டும் ஒருமுறை இளம்புகை காட்டுவதும் உண்டு.

புகையின் வேதியியலையும் சுருக்கமாக அறிந்துகொள்ளலாம். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் வெப்பத்தில் சிதையும்போது மணமுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் உருவாகின்றன. பைன் போன்ற ஊசியிலை மரங்களின் லிக்னினிலிருந்து பெரிதும் குவாயகோல் வகைச் சேர்மங்களே வருகின்றன. ஓக், பீச் போன்ற அகன்ற இலை மரங்களிலிருந்து அவற்றோடு சைரிங்கோலும் வருகிறது. இவற்றோடு பைன் பிசினின் லாங்கிஃபோலீன், டெர்பினியால் போன்ற மணப்பொருள்களும் இலையில் ஏறுகின்றன. எனவே பைன் புகைத் தேயிலையில் வெறும் புகை வாடை மட்டுமன்றி, பிசின் எரியும்போது எழும் இனிப்புக் கலந்த ஒரு மணமும் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் காரமான புகை மட்டும் இருந்தால், வேறு விறகோ புகைச் சுவையூட்டியோ பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐயுறலாம். புகைச் சுவையூட்டி சேர்த்த தேயிலையை விற்பதில் தவறில்லை. ஆனால் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட சேர்பொருள் பட்டியலில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது வாங்குபவரின் உரிமை.

புகையில்லாத ஜெங்ஷான் சியாவ்ஜோங்கும் உண்டு என்பதைத் தொடக்கநிலையில் உள்ளவர்கள் அறிந்திருப்பது மிக முக்கியம். காப்பகத்தில் மரம் வெட்டக் கட்டுப்பாடு இருப்பதால் பைன் விறகு அரிதாகிவிட்டது; புகையற்ற தேயிலையை நாடும் சீன வாங்குநர்களும் பெருகியுள்ளனர். இவ்விரு காரணங்களாலும் டோங்முவில் இன்று தயாராவதில் ஒரு பெரும் பகுதி புகை காட்டாமலேயே உலர்த்தப்படுகிறது. 2005-இல் அதே ஊரில் உருவான, மொட்டுகளை மட்டும் கொண்டு செய்யும் ஜின் ஜுன்மெய் என்னும் விலையுயர்ந்த தேயிலையும் புகையற்றதே. ஆகவே பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் எதிர்பார்த்த புகை கிடைக்காமல் போகலாம். அதேவேளை, இந்தப் புகையற்ற வகையே ஒப்பீட்டுக்கு நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த அளவுகோல். இலை இயல்பாக என்ன சுவை தருகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

டோங்முவுக்கு வெளியே பிற பகுதிகளில் விளைந்த இலையைக் கொண்டு செய்யும் புகைத் தேயிலைகள் ஏற்றுமதிச் சந்தையில் ஏராளம். இவற்றில் பல, தார் வாடை அடிக்கும் அளவுக்குப் புகையேற்றப்பட்டவை. இலையின் தரம் குறைவாக இருக்கும்போது அதை மறைக்கப் புகையைக் கூட்டுவதும் நடக்கிறது. இன்னொரு வகை, ரஷ்யன் காரவான் என்ற பெயரில் விற்கப்படும் கலவை. 1727-இல் ரஷ்யாவும் சீனமும் செய்துகொண்ட கியாக்தா உடன்படிக்கைக்குப்பின் மங்கோலியப் புல்வெளிகள் வழியாக ஒட்டகங்களில் தேயிலை மேற்கே சென்றது. பல மாதப் பயணத்தில் இரவு முகாம்களின் புகை அதில் ஏறியது என்பார்கள். அந்த வணிகப் பாதை ரயிலின் வருகையோடு மறைந்துவிட்டது. இன்று அப்பெயரில் கிடைப்பது, பெரும்பாலும் ஆன்ஹுய் மாகாணத்துக் கீமுன் தேயிலையோடு சிறிதளவு லாப்சாங்கும், சில வேளைகளில் ஊலாங் என்னும், ஓரளவே ஆக்சிஜனோடு வினைபுரிய விட்ட தேயிலையும் சேர்த்த கலவையே. கீமுனுக்குப் புகை காட்டும் வழக்கமில்லை. ஆயினும் அதன் இயல்பான மணத்தில் மெல்லிய புகைச் சாயலைச் சிலர் உணர்வதுண்டு. கடும்புகைக்குப் பழகாதவர்களுக்குக் காரவான் கலவை நல்ல நுழைவாயில்.

இனி சுவைக்கும் முறைக்கு வரலாம். ஒரே ஒரு தேநீரை அருந்திப் பார்த்து எதையும் தீர்மானிக்க இயலாது. ஒப்பிடும்போதுதான் நாவும் மூக்கும் வேறுபாடுகளைப் பிடிக்கின்றன. தொடக்கத்துக்கு மூன்று போதும்: புகையற்ற சியாவ்ஜோங், டோங்முவின் மரபு முறைப் புகைத் தேயிலை, ஏற்றுமதிச் சந்தையின் வழக்கமான லாப்சாங். நான்காவதாக ஒரு காரவான் கலவையைச் சேர்க்கலாம். அதற்குமேல் ஒரே அமர்வில் வைத்தால் புகை மூக்கை மழுங்கச் செய்துவிடும்.

ஒப்பீட்டின் உயிர் நாடி சம அளவு. தேயிலைத் தொழிலில் பின்பற்றப்படும் ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் பன்னாட்டுத் தரமுறை, 100 மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலையிட்டு 6 நிமிடம் ஊறவைக்கச் சொல்கிறது. குறைகளை வெளிக்கொணர்வதற்காகவே அவ்வளவு கடுமையாக வைத்திருக்கிறார்கள். குடித்து மகிழ்வதற்கான அளவன்று அது. வீட்டில் 150 மில்லி லிட்டர் நீருக்கு 2.5 முதல் 3 கிராம் இலையிட்டு, 3 நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால் சரியாக இருக்கும். இலையைக் கரண்டியால் அளக்காமல் சிறிய எடைக்கருவியில் நிறுப்பது நல்லது. முழு இலையும் நொறுங்கிய இலையும் ஒரே கரண்டியில் வெவ்வேறு எடை இருக்கும். கோப்பைகள் உள்ளே வெள்ளையாகவும் ஒரே அளவிலும் இருக்கட்டும். நீர் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்; உப்பு மிகுந்த கிணற்று நீரில் தேநீர் மங்கிச் சுவை சப்பென்று போய்விடும் என்பதால், உப்பு குறைந்த குடிநீரையே பயன்படுத்த வேண்டும். சமையலறையில் தாளிப்பு மணமோ, வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையோ இருக்கும் நேரத்தில் இந்த வேலையில் இறங்கக் கூடாது. இது சிறிய செய்தியாகத் தோன்றினாலும், ஒப்பீடு பொய்த்துப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

முதலில் கோப்பையை வெந்நீரால் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு, உலர்ந்த இலையை அதில் இட்டு மூடி, சற்றுப் பொறுத்து முகர வேண்டும். வெப்பம் பட்ட இலை தன் மணத்தைத் தாராளமாக வெளியிடும். மரபு முறைத் தேயிலையில் பிசினின் இனிப்பும் அதன் பின்னே உலர்ந்த பழ மணமும் எழும். தரம் குறைந்ததில் தாரோ மருந்தோ போன்ற நெடி மட்டும் முந்திக்கொண்டு வரும். அடுத்து, வடித்தபின் எஞ்சிய ஈர இலையை முகருங்கள். என் அனுபவத்தில் இதுவே எல்லாவற்றையும்விட உண்மையைச் சொல்லும் கட்டம். ஈர இலையில் புகை சற்றுப் பின்வாங்கி, அடியிலுள்ள இலையின் மணம் வெளிப்படுகிறது. அங்கே இனிப்பு எதுவும் இல்லாமல் நனைந்த சாம்பலின் வாடை மட்டும் இருந்தால், அந்தத் தேயிலையில் புகையைத் தவிர வேறொன்றும் இல்லை.

பிறகு வடித்த தேநீரைக் கரண்டியில் எடுத்து, ஓசை எழும்படி காற்றோடு சேர்த்து உறிஞ்ச வேண்டும். நம் வீட்டுப் பந்தியில் இப்படி உறிஞ்சுவதைப் பெரியவர்கள் கண்டிப்பார்கள். சுவைப்பவர்களின் மேசையில் அது தொழில்முறை. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு முதலிய சில சுவைகளை மட்டுமே. துவர்ப்போ வாயின் உட்புறம் இறுகும் உணர்வு. புகையை அறிவது மூக்கு. உறிஞ்சும்போது சிதறும் துளிகளிலிருந்து எழும் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்குக்குள் ஏறுகிறது; விழுங்கியபின் மூக்கால் மூச்சை மெதுவாக வெளிவிட்டால் புகையின் தன்மை மிகத் தெளிவாகத் தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் அருந்திப் பார்த்தால், புகை ஏறக்குறைய முழுவதும் மறைந்து, இலையின் துவர்ப்பும் இனிப்பும் கசப்பும் தனித்து நிற்பதை உணரலாம். புகையையும் இலையையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி வேறில்லை.

நாவில் கவனிக்க வேண்டியவை சில. புகை முதலில் வந்து உடனே மறைகிறதா, அல்லது தொண்டையில் கரகரப்பாகத் தங்குகிறதா? புகை விலகியதும் இனிப்பு எழுகிறதா, சாம்பல் கசப்பு எழுகிறதா? டோங்முவின் நல்ல தேநீரைப் பற்றிச் சீனச் சுவைஞர்கள் கூறும்போது பைன் புகை மணத்தையும் உலர்ந்த லோங்கன் பழத்தின் சுவையையும் எப்போதும் சேர்த்தே சொல்வார்கள். லோங்கன் என்பது லிச்சியின் உறவினம். அதை உலர்த்தினால் உலர்திராட்சைக்கும் பேரீச்சைக்கும் இடைப்பட்ட, ஆழ்ந்த இனிப்பு உண்டாகும். அந்த இனிப்பு தேநீரில் இருக்கும்போது புகை அதற்குத் துணையாகிறது. அது இல்லாதபோது புகை தனியே நின்று உறுத்துகிறது. இந்த ஒன்றைக் கண்டுகொள்ளப் பழகினாலே விலை உயர்ந்த தேயிலைக்கும் மலிவானதற்கும் உள்ள வேறுபாடு நியாயமானதா என்று சொல்லிவிட முடியும்.

எந்த வரிசையில் அருந்துவது என்பதும் முடிவை மாற்றும். ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகி உணர்வு குறைகிறது. எனவே புகையற்றதில் தொடங்கி, மென்மையானது, கடுமையானது என்ற வரிசையில் செல்ல வேண்டும். இடையிடையே வெறும் நீர் அருந்தி, உப்பில்லாத பொரியோ வெறும் ரொட்டியோ சிறிது மென்று, திறந்த வெளியில் சில நிமிடம் நின்றுவிட்டு வருவது உதவும். எல்லாவற்றையும் ஒருமுறை சூடாகவும், மீண்டும் வெதுவெதுப்பாகவும், ஆறியபின் இன்னொரு முறையும் சுவைக்க வேண்டும். சூட்டில் மறைந்திருந்த கசப்பும் புளிப்பும் ஆறும்போது வெளியே வருகின்றன. நன்கு ஆறிய கறுப்புத் தேநீர் சில சமயம் கலங்கிப் பால்படிந்ததுபோல் தோன்றும். தேநீரின் பாலிபீனால்களும் காஃபீனும் இணைவதால் ஏற்படும் இந்தக் கலங்கல் கெட்டுப்போனதன் அடையாளமன்று, திடமான தேநீரின் அடையாளம்.

இன்னொரு சோதனை, ஒரே இலையை மீண்டும் மீண்டும் ஊறவைப்பது. சீனத்து வழக்கப்படி மூடியுள்ள சிறு கிண்ணத்தில் 100 மில்லி லிட்டர் அளவு நீருக்கு 5 கிராம் இலையிட்டு, பத்துப் பதினைந்து நொடிகளில் வடித்து, அடுத்தடுத்துச் சற்றே நேரத்தைக் கூட்டிச் செல்ல வேண்டும். முதல் இரண்டு வடிப்புகளில் புகை ஓங்கியிருக்கும். பின்னர் அது படிப்படியாகத் தணியும். நல்ல தேயிலையில் நான்காவது, ஐந்தாவது வடிப்பிலும் இனிப்பு தொடர்கிறது. மேற்பரப்பில் மட்டும் புகை படிந்த தேயிலையோ இரண்டாம் வடிப்போடு வெறும் நிற நீராகிவிடுகிறது. விலைச் சீட்டைப் பார்க்காமல் தரத்தை அறிய விரும்புகிறவர்கள் இச்சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும் என்பேன். அவ்வாறே, கோப்பைகளின் அடியில் வேறொருவரைக் கொண்டு குறியிடச் செய்து, எது எதுவென்று அறியாமல் சுவைப்பதும் பயன் தரும். ஊரின் புகழும் விலையும் நம் நாவின் தீர்ப்பை நாம் நினைப்பதைவிட அதிகமாகவே வளைக்கின்றன.

பால் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். பாலின் கேசின் என்னும் புரதம் தேநீரின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்வதாலும், பாலின் கொழுப்பு மணப்பொருள்களைத் தன்னுள் இழுத்துக்கொள்வதாலும், ஒப்பீட்டின்போது பாலும் சர்க்கரையும் கூடாது. ஒப்பீடு முடிந்தபின் கடும்புகை லாப்சாங்கில் சிறிது பால் சேர்த்து அருந்துவது அவரவர் விருப்பம். டோங்முவின் மென்மையான தேயிலையில் பால் சேர்த்தால் அதன் இனிப்பு முழுவதும் மறைந்துபோகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புகையோடு தொடர்புடைய பாதுகாப்புக் கேள்வியையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விறகுப் புகையில் ஆந்த்ராக்வினோன், பலவளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் போன்ற விரும்பத்தகாத சேர்மங்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தேயிலையில் ஆந்த்ராக்வினோனுக்கு ஒரு கிலோவுக்கு 0.02 மில்லி கிராம் என்ற மிகக் குறைந்த வரம்பை வைத்திருப்பதால், மரபு முறையில் புகைத்த தேயிலைக்கு அச்சந்தையில் இடர்ப்பாடு ஏற்பட்டுள்ளது. பலவளையச் சேர்மங்கள் நீரில் மிகக் குறைவாகவே கரைபவை. ஆகையால் அவற்றின் பெரும்பகுதி கோப்பைக்கு வராமல் இலையிலேயே தங்கிவிடுகிறது. ஆயினும் இதை நாள்தோறும் பலமுறை அருந்தும் தேநீராகக் கொள்ளாமல், அவ்வப்போது அருந்துவதாக வைத்துக்கொள்வது தக்கது.

வாங்கிய தேயிலையைக் காற்றுப் புகாத தகர டப்பாவில், மற்றத் தேயிலைகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். ஒரே அலமாரியில் திறந்து வைத்தால் சில நாள்களிலேயே பக்கத்திலுள்ள தேயிலையிலும் மளிகைப் பொருள்களிலும் புகை ஏறிவிடும். புதிதாகப் புகைத்த தேயிலையின் காரம் நாளடைவில் தணிந்து, இனிப்பு மேலெழுவது வழக்கம். ஆதலால் முதல் முறை அதிகக் கடுமையாகத் தோன்றியதை எறிந்துவிடாமல், தேதியிட்டு மூடி வைத்து, அடுத்த ஆண்டின் புதிய தேயிலையோடு அருகருகே மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் குறிப்பேட்டில் இலையின் எடை, நீரின் அளவு, ஊறிய நேரம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருந்தால்தான் அந்த இரண்டாம் ஒப்பீடு செல்லும்.